பாராட்டியது போதும், அவருடைய நோட்டுகளைக் காப்பாற்றுங்கள்: ஓய்வூதியர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

மறைந்த நம் முன்னாள் செயலாளருக்கு நடந்த நினைவேந்தல் கூட்டத்தை அடுத்துத் தாங்கள் கூடி எடுத்த முடிவுகள் அடங்கிய சுற்றறிக்கை, எல்லா உறுப்பினர்களுக்கும் வந்ததைப் போல எனக்கும் வந்தது. அதில் மூன்று முடிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. அவர் நினைவாக மலர் ஒன்று வெளியிடப்படும். சங்கக் கூட்ட அறைக்கு அவர் பெயர் சூட்டப்படும். இடநெருக்கடி காரணமாக அலுவலக அலமாரியில் உள்ள பழைய நோட்டுகளும் கோப்புகளும் பழைய தாள் வாங்குபவரிடம் கொடுக்கப்படும். முதல் இரண்டையும் மறுப்பின்றிப் படித்தேன். மூன்றாவது முடிவு சொல்லும் அலமாரியின் மேல்தட்டுகளில் இருப்பவை அவர் தம் கையால் எழுதிய நோட்டுகள். இதைத் தெரிந்தே முடிவெடுத்தீர்கள் என்றால் அதை எதிர்க்கிறேன். தெரியாமல் எடுத்தீர்கள் என்றால், ஒருவரைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசிய சங்கத்துக்கு அவர் விட்டுச்சென்றது என்ன என்பது தெரியாமல் போனது எப்படி என்று கேட்கிறேன்.

அவர் பெயரை இம்மடலில் எழுதவில்லை. சுற்றறிக்கையின் அடியில்கூடத் தம் பெயரைப் போடாமல் ‘செயலாளர்’ என்று மட்டும் போடச் சொன்னவர் அவர். யாரைச் சொல்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும்.

அன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, என்னிடம் இருந்தது. மேடையில் சொல்லப்பட்டதை எல்லாம் எழுதினேன். அவர் எளிமையின் இலக்கணம், பழகுவதற்கு இனியவர், எல்லோரையும் அரவணைத்துச் சென்றவர், நேர்மைக்கு எடுத்துக்காட்டு, அன்னாரது மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. வீட்டுக்கு வந்து குறிப்பைச் செப்பமாக எழுதும்போது, முன்பு வேறொரு நிர்வாகி மறைந்தபோது நடந்த கூட்டத்தின் குறிப்பை மாதிரிக்காக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டிலும் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று, எழுதிய எனக்கே சொல்ல முடியாது. அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போல அந்தச் சொற்களை எவருக்கும் போடலாம். எவருக்கும் அவை பொருந்தா. சிறப்பு விருந்தினர், மறைந்தவரைத் தாம் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும்விட நீண்ட நேரம் அவரைப் புகழ்ந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அழைத்தவர்கள் நாம். இது நமக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. போரில் மாண்டவன் எவ்வளவு சாதாரணமானவனாக இருந்தாலும், நெடுநாள் முன்பே தயாரித்து வைத்த உரையால் அவனை அறிஞர்கள் புகழ்ந்துவிடுவார்கள் என்று ஏதென்ஸ் நகரத்து இரங்கல் உரைகளைச் சாக்ரடீஸ் கேலிசெய்வதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

பட்டியலில் இல்லாத ஒருவரும் அன்று பேசினார். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்த அம்மா அவர். இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மேடையேறினார். கணவரின் பணிப்பதிவேட்டில் தம் பெயர் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்ததால் விண்ணப்பம் திரும்பத் திரும்ப வந்ததையும், நம் செயலாளர் அந்த விண்ணப்பத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டி, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லி, அலுவலரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தம்மையே சொல்லிப் பார்க்க வைத்ததையும் அவர் விவரித்தார். “நான் கூட வர்றேம்மா, ஆனா பேசப்போறது நீங்கதான்” என்று சொன்னாராம். அலுவலகத்தில் தாம் தடுமாறியபோதும் அவர் குறுக்கிட்டுப் பேசாமல் பக்கத்தில் நின்றதைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே மேடையில் மணி அடிக்கப்பட்டது. விருந்தினருக்கு நேரமாகிவிட்டதாம். அந்த அம்மா பாதியில் கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் எழுதிய குறிப்பில் இறந்தவரை இன்னார் என்று அடையாளம் காட்டும் வரிகள் அவர் சொன்னவை மட்டுமே.

ஒருவரைப் புகழ்வதற்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நினைவுகூர்வதற்குத் தெரிந்திருந்தே ஆக வேண்டும். ‘அவர் பெருந்தன்மையானவர்’ என்பதில் சரிபார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆகையால் எவரும் சொல்லலாம், எவரும் மறுக்கப்போவதில்லை. ‘அலுவலகத்தில் என்னைப் பேசவிட்டு அவர் பக்கத்தில் நின்றார்’ என்று சொல்ல வேண்டுமானால் சொல்பவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்பவருக்கும் ஒரு கடமை வந்துசேர்கிறது, ஏனென்றால் அடுத்த வாரம் இன்னொரு அம்மா அதே தாள்களோடு நம் சங்கத்து வாசலில் வந்து நிற்பார். புகழுரை கேட்டவருக்கோ கைதட்டியதோடு வேலை முடிந்துவிடுகிறது. இறந்தவரோடு இருந்த கணக்கும் அத்துடன் தீர்ந்தது போல ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இத்தகைய கூட்டங்கள் குடும்பத்தாரின் ஆறுதலுக்காக நடத்தப்படுகின்றன என்று தாங்கள் சொல்லக்கூடும். அன்று எல்லோரும் கலைந்த பிறகு அவருடைய துணைவியார், தமக்குப் போர்த்தப்பட்ட சால்வையை மடித்துக் கையில் வைத்தபடி என்னிடம் வந்தார். ஏழு மணிக்கு முன்னால் அவர் வீடு திரும்பியதே இல்லை என்றும், கேட்டால் சங்க வேலை என்ற ஒரே பதில்தான் வரும் என்றும் சொல்லிவிட்டு, “இங்க அவர் என்னதான் செஞ்சிட்டிருந்தார்?” என்று கேட்டார். அத்தனை பேர் பேசிய கூட்டத்தின் முன்வரிசையில் தொடக்கம் முதல் கடைசிவரை அமர்ந்திருந்தவர் கேட்ட கேள்வி இது. கணவர் மாமனிதர் என்பதைத் தெரிந்துகொள்ள அவர் வரவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது அதில் அவருக்கு வேறு கருத்தும் இருக்கலாம். தம் வீட்டுக்கு வராத அந்த மாலைப்பொழுதுகள் எங்கே போயின என்று தெரிந்துகொள்ள வந்தார். அதைச் சொல்ல மேடையில் எவரும் இல்லை.

அதற்கான பதில் அந்த நோட்டுகளில் இருக்கிறது. அவர் பார்த்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்: இறந்த ஓய்வூதியரின் பெயர், ஓய்வூதியம் வழங்கும் ஆணையின் எண், வாரிசு யார், எந்தத் தாள் கேட்கப்பட்டது, எந்தத் தாள் கொடுத்தும் போதாது என்று திருப்பப்பட்டது, எந்த அரசாணையைக் காட்டிய பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. பெயர் வேறுபாடு, பிறந்த தேதி வேறுபாடு, நியமனதாரர் பெயர் பதியாமல் விட்டது, இரண்டாம் மனைவியின் உரிமை, மாற்றுத்திறனாளி மகளுக்குத் தொடர்ந்து ஓய்வூதியம் பெறுவது எனச் சிக்கல்வாரியாக ஓரத்தில் குறியீடு போட்டிருக்கிறார். தாம் தவறு செய்த இடங்களையும் மறைக்கவில்லை: தவறான ஆணையை மேற்கோள் காட்டியதால் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தாமதமானது என்பதைச் சிவப்பு மையில் எழுதி, கீழே சரியான ஆணையின் எண்ணையும் குறித்திருக்கிறார். ஒரு பக்கத்தின் மூலையில், அந்தக் குடும்பத்துப் பெரியவருக்குக் காது கேட்காது, ஆகவே தொலைபேசியில் அழைக்காமல் நேரில் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு இந்தச் சங்கத்தில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை. செய்ய விரும்பும் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க அந்த நோட்டுகளை விட்டால் வேறு ஆசிரியரும் இல்லை. மலரில் அவருக்கு எத்தனை அடைமொழிகள் கொடுத்தாலும் அவற்றை வைத்து ஒரு விண்ணப்பத்தைக்கூட நிரப்ப முடியாது.

சுற்றறிக்கை வந்த அன்று இப்போதைய செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். மறைந்தோரைப் புகழ்ந்துரைப்பது நம் மரபு என்று அவர் பொறுமையோடு விளக்கினார். மரபு என்று வந்தால், அது சொல்வதை முழுவதும் கேட்போம். மாண்ட வீரனுக்கு நினைவுக்கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு துறைகளாக வரிசைப்படுத்துகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதும், கொண்டுவருவதும், நீராட்டுவதும், நடுவதும், சிறப்புச் செய்வதும் ஆகிய ஐந்து வேலைகள் முடிந்த பிறகுதான் ஆறாவதாக வாழ்த்து வருகிறது. நாமோ முதல் ஐந்தையும் விட்டுவிட்டு வாழ்த்தில் தொடங்கி வாழ்த்திலேயே முடித்துக்கொள்கிறோம். நட்ட கற்களில் எழுதப்பட்டதையும் பார்ப்போம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட தீயன் அந்தவன் என்பவனின் கல் இது என்ற செய்தியோடு நின்றுகொள்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட கல்லில், வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அந்த நாய் நன்றியுள்ளது, விசுவாசத்தின் சின்னம் என்றெல்லாம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதன் பெயரையும் அது செய்ததையும் எழுதினார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாயை நமக்குத் தெரிகிறது. நம் செயலாளருக்கு நாம் தயாரிக்கும் மலரில் அவருக்கு அந்த நாய்க்குக் கிடைத்த அளவு இடமாவது கிடைக்குமா என்று கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

புகழுவதே தவறு என்று நான் சொல்வதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். அதியமானைப் பாடிய ஔவையாரைவிட ஒருவரைப் புகழ்ந்தவர் யார்? ஆயினும் அவன் மறைந்தபின் அவர் பாடிய கையறுநிலைப் பாட்டில் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்பான், நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்று, அவன் கூட இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடியவற்றைச் சொல்கிறார். அதைக் கேட்கும் நமக்கு அவன் வள்ளல் என்று தனியாக எவரும் சொல்ல வேண்டியதில்லை. வாழ்ந்த காலத்தில் அநியாயமாக இகழப்பட்டவரை இறந்த பிறகாவது பொதுவில் பாராட்டுவது நியாயத்தைத் திருப்பித் தருவதாகும் என்பதையும் மறுக்கவில்லை. என் எதிர்ப்பு, தெரிந்துகொள்ளும் உழைப்பிலிருந்து தப்புவதற்காகப் பேசப்படும் புகழுக்குத்தான்.

உண்மையை மூடுவதற்காகப் பேசப்படும் புகழும் இருக்கிறது. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை, ஆயினும் எழுதாமல் விட்டால் இம்மடலுக்குப் பொருள் இல்லை. ‘எல்லோரையும் அரவணைத்துச் சென்றவர்’ என்று அன்று பலர் சொன்னார்கள். அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் முன்கோபி, அரைகுறையாக நிரப்பிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் தாமே அவர் வீடு தேடிப் போவார். நிர்வாகக் குழுவோடு அவருக்கு வெளிப்படையான சண்டை இருந்தது. குடும்ப நல நிதியிலிருந்து கொடுக்கும் காசோலையைக் கணவனை இழந்த பெண்ணின் கையில் மேடையில் வைத்துக் கொடுப்பதும், அதற்காக அடுத்த விழா வரும்வரை அவரைக் காக்க வைப்பதும், அவர் தலைகுனிந்து வாங்குவதைப் படம் எடுத்துப் போடுவதும் கூடாது, இறப்புச் செய்தி வந்த அந்த வாரமே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுத்து மூலம் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற குறிப்போடு கோப்பில் கிடக்கிறது. அவருடைய நினைவேந்தல் மேடையில், அவர் பெயரைச் சொல்லியே, ஒரு பெண்ணுக்குக் காசோலை வழங்கப்பட்டுப் படம் எடுக்கப்பட்டது. நேர்மையின் சிகரம் என்று அவரை அழைத்த சில நிமிடங்களில் இது நடந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் மேடைக்கு வந்து தடுத்திருப்பார். இறந்துவிட்டதால் நாம் அவரைப் புகழவும் முடிந்தது, அவர் எதிர்த்ததைச் செய்யவும் முடிந்தது.

இரங்கல் கூட்டம் குறைகளை எடுத்துப் பேசும் இடமா என்று கேட்பீர்கள். இறந்தவரை இழித்துப் பேசாதே என்ற அறிவுரை மிகப் பழையது. கிரேக்க ஞானிகள் எழுவரில் ஒருவராகிய ஸ்பார்ட்டாவின் கைலோன் சொன்னதாக வழங்குகிறது. அது நல்ல அறிவுரை. ஆனால் இழித்துப் பேசாதே என்றவர், இல்லாததைச் சொல்லிப் புகழ் என்று சொல்லவில்லை. அவருடைய கோபத்தைச் சொன்னால் அவர் சிறுமைப்படுவார் என்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்னும் தீரவில்லை. கோபத்தை நீக்கிவிட்டு அவரை இனியவராக்கும்போது, அவர் கேட்டதையும் சேர்த்தே நீக்கிவிடுகிறோம்.

மலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோமாபுரியின் பெருங்குடும்பங்கள் தம் முன்னோரின் இறுதிச்சடங்கில் ஆற்றிய புகழுரைகளைப் பாதுகாத்து வைத்தன. அவற்றால் தம் நாட்டு வரலாறே பொய்யாகிவிட்டது, நடக்காத நிகழ்ச்சிகளும் பொய்யான வெற்றிவிழாக்களும் வகிக்காத பதவிகளும் அவற்றில் ஏறிவிட்டன என்று கி.மு. 46-இல் எழுதினார் சிசரோ. அவரே அக்காலத்தின் தலைசிறந்த பேச்சாளர் என்பதால் பேச்சின் மேல் பொறாமையால் சொன்னார் என்று தள்ளிவிட முடியாது. நம் சங்க மலருக்கு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லைதான். இருந்தாலும் இருபது ஆண்டுகள் கழித்து இந்தச் சங்கத்தில் சேரும் ஒருவர், நோட்டுகள் போன பிறகு, அந்த மலரை மட்டும்தான் படிப்பார். அதில் யாரோடும் சண்டையிடாத, எதையும் கேட்காத, எதுவும் குறிப்பாகச் செய்யாத ஒரு நல்ல மனிதரைக் காண்பார். அப்படி ஒருவர் நம்மிடையே வாழ்ந்ததில்லை.

புகழுரை இல்லாமல் நினைவுச்சின்னம் எப்படி அமையும் என்ற ஐயம் இருந்தால், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். கருங்கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி குறிப்பிடப்படவில்லை, வீரம், தியாகம் என்று ஒவ்வொரு பெயருக்கும் அடைமொழி இல்லை. அகரவரிசையில் அமைக்காமல், பலியான நாள் வரிசையில் அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே நாளில் ஒன்றாக மாண்டவர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்; உயிர்பிழைத்துத் திரும்பிய தோழன் தன்னோடு இருந்தவர்களை ஒரே இடத்தில் காண முடிகிறது. அந்த வரிசையை அமைக்க ஒவ்வொருவரும் எந்த நாளில் பலியானார் என்று தேடிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்படித் தேடிச் சரிபார்க்கும் உழைப்பைத்தான் நம் செயலாளருக்காகச் செய்யும்படி கேட்கிறேன். நம் விஷயத்தில் அதில் பெரும்பகுதியை அவரே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே நிர்வாகக் குழுவை நான் கேட்டுக்கொள்வது இது. பழைய தாள்களை அகற்றும் முடிவை உடனே நிறுத்திவைத்து, அவர் எழுதிய நோட்டுகள் எவை என்று பிரித்தெடுக்கும்வரை அலமாரியை எவரும் தொடக்கூடாது என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்த நோட்டுகளில் குடும்பங்களின் அந்தரங்க விவரங்கள் இருப்பதால் அவற்றை அப்படியே வெளியிடக் கூடாது. பெயர்களை நீக்கி, சிக்கல்களும் தீர்வுகளும் அரசாணை எண்களும் மட்டும் கொண்ட கையேடாகத் தொகுக்க மூவர் குழு ஒன்றை அமைக்க வேண்டும். மலருக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போதும் என்பது என் கணிப்பு. மலரும் வேண்டும் என்றால் அதில் வாழ்த்துச் செய்திகளும் நிர்வாகிகளின் படங்களும் இல்லாமல், அவரால் ஓய்வூதியம் கிடைத்தவர்கள் நடந்ததைச் சொல்ல, அதை ஒருவர் எழுதிச் சரிபார்த்து, அவர்கள் ஒப்புதலோடு வெளியிட வேண்டும். அன்று மணி அடித்து இறக்கப்பட்ட அம்மாவிடம் முதலில் போக வேண்டும், அவர் மீதியையும் சொல்லி முடிக்கட்டும்.

குடும்ப நல நிதிக் காசோலையை மேடையில் வழங்கும் பழக்கத்தைக் கைவிடக் கோரி அவர் கொடுத்த கடிதம் வரும் பொதுக்குழுவில் முழுமையாக வாசிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்பட வேண்டும். அது தோற்றாலும் தோற்கட்டும். பதில் சொல்லாமல் விட்டதைவிட அது மரியாதையானது. இனி நடக்கும் நினைவேந்தல் கூட்டங்களில், மறைந்தவரோடு பழகியவர்கள் மட்டும், தாம் நேரில் கண்டதை மட்டும் பேசுவது என்று விதி செய்ய வேண்டும்; அப்படிப் பேச ஆளே இல்லையென்றால், அந்த வெறுமையையும் மறைக்காமல் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். அவருடைய துணைவியாரைத் தங்களில் ஒருவர், சால்வையோ படக்காரரோ இல்லாமல், நேரில் சந்தித்து, மாலை ஏழு மணிவரை அவர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்த நோட்டுகளைத் திறந்து காட்டி விளக்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால் நான் போகிறேன், ஆனால் நோட்டுகளை எடுத்துச் செல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

பழைய தாள் வாங்குபவர் இம்மாதக் கடைசியில் வருவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு முன்பாகத் தங்கள் பதிலை, எனக்குத் தனியாக எழுதாமல், எல்லா உறுப்பினர்களும் படிக்கும் சுற்றறிக்கையாகவே வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
நடவடிக்கைக் குறிப்பு எழுதும் உறுப்பினர்